வெளிவராத கேமுக்கு ரெபரல்: குழுவுக்குள் சண்டை எங்கிருந்து வருகிறது?

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் விளங்குகிற மாதிரி முதலில் சுருக்கிவிடுகிறேன். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தமிழ்ப் பெடியள் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு கேம் குழுவில், உங்கள் நண்பர், விண்கப்பல் ஓட்டும் ஸ்டார் சிட்டிசன் என்ற இணைய கேமுக்கான தன் ரெபரல் குறியீட்டை (புதியவரைச் சேர்த்தால் சேர்த்தவருக்குப் பரிசு தரும் குறியீடு) திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார். குழுவை நடத்துபவர்கள் ஒரு சொல்லும் சொல்லாமல் அவரை வெளியே எடுத்துவிட்டார்கள். இப்போது குழு இரண்டுபட்டு நிற்கிறது. ஒரு பக்கம் "கம்பனியே தருகிற சலுகைதானே, இதில் என்ன பிழை" என்கிறது. மறுபக்கம் "இன்னும் வெளிவராத கேமுக்கு ஆள் பிடிக்கிறான், இது பிரமிட்" என்கிறது. யார் பக்கம் நியாயம், நீங்கள் புதிதாகச் சேர்ந்தால் யாருடைய குறியீட்டைப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்கிறேன். குறியீட்டைப் பகிர்ந்தது குற்றமில்லை. பிரமிட் என்று சொல்வதும் சரியில்லை. ஆனால் குழுவில் எழுந்த கோபத்துக்கு நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது, அதை இரண்டு பக்கமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வெளிவராத கேமைப் பற்றி நமக்குக் கிடைப்பதெல்லாம் மற்றவர்களின் வாய்ச்சொல்தான். அந்த வாய்ச்சொல்லுக்குக் கூலி வந்துவிட்டால், யார் சொல்வதை நம்புவது என்று தெரியாமல் போய்விடும். சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் இந்த ரெபரல் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஸ்டார் சிட்டிசனில் கணக்குத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் 'ஸ்டார்' என்று தொடங்கி எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு குறியீடு கிடைக்கும். புதிதாக வருபவர் கணக்குத் திறக்கும்போது அதை இட்டால், கேமுக்குள் செலவழிக்கும் யூஈசி என்ற காசு அவருக்குச் சேரும். முந்தி அது 5,000 ஆக இருந்தது, பிறகு 50,000 ஆக்கினார்கள். குறியீட்டைத் தந்தவருக்கு அந்த நேரத்தில் கணக்கில் ஒன்றும் ஏறாது. புதியவர் உண்மையான காசு கொடுத்து ஒரு கேம் பக்கேஜ் வாங்கினால்தான் அவர் ஒரு ஆளைச் சேர்த்ததாகக் கணக்கு. ஆட்கள் கூடக் கூடப் பட்டம், அலங்காரப் பொருள், கப்பல் என்று பரிசும் கூடும்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். புதியவர் இலவசமாக விளையாடிப் பார்ப்பதில் குறியீட்டைத் தந்தவருக்கு ஒரு பலனும் இல்லை. புதியவர் காசு கட்டினால்தான் பலன். மிகக் குறைந்த பக்கேஜே சுமார் 45 டொலர். ஆகவே "கொஞ்சம் பொறு, இலவச நாட்கள் வரும்போது ஓட்டிப் பார், பிடித்தால் வாங்கு" என்று சொல்ல வேண்டிய நண்பருக்கு, "இப்பவே வாங்கு" என்று சொல்ல ஒரு சின்னத் தூண்டுதல் வந்துவிடுகிறது. எல்லோரும் அதற்கு மயங்குவார்கள் என்று நான் சொல்லவில்லை. மயங்கினாரா இல்லையா என்று கேட்பவருக்குத் தெரிய வழியில்லை என்பதுதான் தொல்லை.

பரிசு அற்பமானது என்றும் நினைக்க வேண்டாம். இந்தக் கேமில் கப்பல்களை உண்மையான காசுக்கு விற்கிறார்கள். சிறியவை 100 டொலருக்குள் இருக்கும், பெரியவை 1,000 டொலரையும் தாண்டும். 2018இல் கப்பல்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து 27,000 டொலருக்கு ஒரு பொதி விற்பனைக்கு வந்தது, உலகம் முழுவதும் அதைப் பற்றிக் கதைத்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் "ஆள் சேர்த்தால் கப்பல்" என்றால், அந்தக் கப்பலுக்கு எல்லோர் மனதிலும் ஒரு டொலர் விலை இருக்கும். பட்டமோ தொப்பியோ மட்டும் கிடைத்திருந்தால் இவ்வளவு பிடுங்குப்பாடு வந்திருக்காது.

இனி 'வெளிவராத' என்ற பகுதி. இதைச் செய்யும் கம்பனியின் தலைவர் கிறிஸ் ரொபர்ட்ஸ் இந்தக் கேமை 2012 ஒக்டோபரில் அறிவித்தார். அந்த வருடம் நவம்பருக்குள் ரசிகர்களிடமிருந்து 62 லட்சம் டொலர் சேர்ந்தது. 2014 நவம்பரில் வரும் என்று அப்போது சொன்னார்கள். 2022இல் சேர்ந்த தொகை 50 கோடி டொலரைத் தாண்டியது, கேம் இன்னும் ஆல்பா, அதாவது முடியாத சோதனைப் பதிப்பு. தனியாக விளையாடும் பகுதியான ஸ்குவாட்ரன் 42ஐ 2026இல் தருவதாக 2024 ஒக்டோபரில் அறிவித்தார்கள். ஆல்பாவை இன்றைக்கே இறக்கி விளையாடலாம் என்பதும் உண்மை. ஒரு கிரகத்திலிருந்து எழும்பி, இடையில் லோடிங் திரையே வராமல் இன்னொரு கிரகத்தில் இறங்குவதைப் பார்த்தால் யாருக்கும் வாய் பிளக்கும். அடுத்த நிமிடமே மின்தூக்கிக்குள் சிக்கி நின்று கேமை மூடித் திறக்கவும் நேரலாம்.

ஆகவே இரண்டு நேர்மையான ஆட்கள் இதே கேமைப் பார்த்து எதிரெதிராகச் சொல்ல முடியும். "இப்படி ஒன்றை வேறு யாரும் செய்யவில்லை" என்று ஒருவர் சொல்வார். "இவ்வளவு வருடமாக வாக்குறுதியில் ஓடுகிறது" என்று மற்றவர் சொல்வார். இரண்டும் உண்மை. வெளிவந்த கேம் என்றால் ஐந்து நிமிடம் விளையாடிப் பார்த்து வாதத்தை முடித்துவிடலாம். இங்கே வாதம் இனி வரப்போவதைப் பற்றியது. அதற்குச் சாட்சி கிடையாது, நம்பிக்கைதான் இருக்கிறது. நம்பிக்கை வைத்தவரிடம் ஒரு ரெபரல் குறியீடும் இருந்தால், எதிர்ப்பக்கம் உடனே "நீ உன் கப்பலுக்காகக் கதைக்கிறாய்" என்று சொல்லிவிடும். அவர் மனதார நம்பிச் சொன்னதாகவே இருக்கலாம். அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும் எடுபடாது.

நான் இருக்கும் ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். ஏ/எல் எழுதிவிட்டு மறுமொழிக்காகக் காத்திருந்த ஒரு தம்பி கேட்டார்: "அண்ணாமார், என்னட்ட 16 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். ஸ்டார் சிட்டிசன் ஓடுமா?" நல்ல கேள்வி. சரியான பதில் ஒரு வரிதான்: ராம் மட்டுமட்டாகக் காணும், ஹார்ட் டிஸ்க்கில் சரிவராது, எஸ்எஸ்டி கட்டாயம் வேண்டும், முதலில் யூனிட்டி பிளாசாவில் விலை விசாரியும். ஆனால் வந்த முதல் பதில், "ஓடும் மச்சான், இந்தக் கோட் போட்டுத் திற." அதற்குக் கீழே இன்னொருவர் தன் குறியீட்டைப் போட்டார். மூன்றாமவர், "அவன்ர வேண்டாம், என்ர போடு, நான் உனக்குக் கேமுக்குள்ள காசு தாறன்" என்றார். எஸ்எஸ்டி என்ற சொல் நெடுநேரம் கழித்துத்தான் வந்தது, அதுவும் குறியீடு எதுவும் போடாத ஒருவரிடமிருந்து. அதற்குள் முன்னவர்கள் இருவரும் யார் முதலில் சொன்னது என்று ஒருவரை ஒருவர் ஏசத் தொடங்கியிருந்தார்கள். கேட்ட தம்பி அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை.

அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. மற்ற நாட்களில் அதே ஆட்கள்தான் இரவு ஒரு மணிக்கும் இருந்து புதியவர்களுக்குப் பொத்தான் பொத்தானாகச் சொல்லிக்கொடுப்பார்கள். பரிசு நடுவில் வந்ததும் கேள்வி கேட்டவர் அவர்கள் கண்ணுக்கு ஒரு 'ஆளாக' மாறிவிட்டார். உங்கள் குழுவில் கோபப்பட்டவர்களும் இதைத்தான் உணர்ந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். சரியான சொல் கிடைக்காததால் 'பிரமிட்' என்ற சொல்லைத் தூக்கி எறிந்திருக்கிறார்கள்.

இன்னொரு பாதிப்பு மெல்ல மெல்லத்தான் தெரியும், எனக்கு அதுதான் கூடக் கவலை. ஆட்களைச் சேர்த்தவர் பிறகு கேமைக் குறை சொல்ல முடியாதவர் ஆகிவிடுகிறார். மச்சான், ஒன்றுவிட்ட தம்பி, ரியூசன் கூட்டாளி என்று நாலைந்து பேரைக் காசு கட்டவைத்தவர், "இந்த அப்டேட் உடைந்துபோய் இருக்கிறது" என்று சொன்னால் அது அவருடைய தலையிலேயே விழும். நம்மூர்ச் சீட்டில் யாராவது காசை எடுத்துக்கொண்டு தலைமறைவானால், சேர்த்துவிட்டவரின் வீட்டு வாசலில்தானே வந்து நிற்பார்கள்? அதே பயம் இங்கேயும் வேலை செய்கிறது. கேமைச் செய்யும் கம்பனி மான்செஸ்டரிலும் ஒஸ்டினிலும் இருக்கிறது, அவர்களை யாரும் போய்க் கேட்கப்போவதில்லை. காலி வீதியில் எதிர்ப்படுகிற உங்களைத்தான் கேட்பார்கள். அதனால் ஆள் சேர்த்தவர் கேமுக்காக வாதாடத் தொடங்குகிறார். கம்பனி கேட்காமலேயே அவர்களுக்கு ஒரு வக்கீல் கிடைத்துவிடுகிறார், குழு தன் நேர்மையான விமர்சகர் ஒருவரை இழந்துவிடுகிறது.

ரெபரல் என்ற முறையே கெட்டது என்று நான் சொல்லவில்லை. இணையத்தில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் டிரொப்பொக்ஸ் செய்ததைப் பாருங்கள். நண்பரைச் சேர்த்தால் இருவருக்கும் ஒரே அளவு இடம் கூடுதலாகத் தந்தார்கள், அதற்கு ஒரு உச்சவரம்பும் வைத்தார்கள். 2008 செப்டம்பரில் ஒரு லட்சமாக இருந்த பாவனையாளர்கள் 2010 ஜனவரியில் 40 லட்சமானதற்கு இந்த முறை பெரிய காரணம். யாருக்கும் யார்மேலும் கோபம் வரவில்லை. பொருள் கையில் இருந்தது, சேர்ந்த அன்றைக்கே வேலை செய்தது, காசு கட்டாமலே பரிசு வந்தது, இரண்டு பேருக்கும் ஒரே அளவு. ஸ்டார் சிட்டிசனில் இவற்றில் பாதி இல்லை. புதியவருக்கு வருவது கேம் காசு. அதைச் சில மிஷன்களில் உழைத்துவிடலாம். பழையவருக்கு வருவது கப்பலை நோக்கிய ஒரு படி. இந்த ஏற்றத்தாழ்வைப் புதியவர் பிறகு கண்டுபிடிக்கும்போதுதான் "என்னை வைத்து அவன் எடுத்திருக்கிறான்" என்ற எண்ணம் வருகிறது.

சரி, பிரமிட் குற்றச்சாட்டுக்கு வருவோம். கேம் உலகில் இந்தச் சொல் பெரிதாக அடிபட்டது ஆஷஸ் ஒஃப் கிரியேஷன் என்ற கேமின் விஷயத்தில். 2017இல், ரசிகர்களிடம் முன்கூட்டியே காசு திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 32 லட்சம் டொலருக்கு மேல் திரட்டிய அந்தக் கேம், நீங்கள் சேர்த்தவர் செலவழிப்பதில் 15 சதவீதம் உங்களுக்கு என்று அறிவித்தது. அதைக் கேமின் கடையில் கழிக்கலாம், காசாகவும் எடுக்கலாம் என்றதும் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். இன்னும் பிறக்காத கேமுக்கு யூரியூபில் வந்து புகழ்கிறவர் எல்லோர் மீதும் சந்தேகம் விழுந்தது. அந்த முறையிலும் ஒரு படிதான் இருந்தது. நீங்கள் சேர்த்தவர் சேர்க்கும் ஆளிடமிருந்து உங்களுக்கு ஒன்றும் வராது. அடுக்கடுக்காக மேலே ஏறும் பங்கு இல்லாத இடத்தில் பிரமிட் என்று சொன்னால் சொல்லின் கூர் மழுங்கிப்போகும்.

நமக்கு அந்தக் கூர் தேவை. இலங்கையில் பிரமிட் திட்டம் நடத்துவதும், விளம்பரப்படுத்துவதும், அதற்கு ஆள் சேர்ப்பதும் 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83சீ பிரிவின்படி குற்றம், சிறைத்தண்டனையும் தண்டப்பணமும் உண்டு. மத்திய வங்கி அப்படித் தீர்மானித்த நிறுவனங்களின் பெயர்களை வெளியிட்டு வருகிறது. அந்தச் சட்டம் பார்ப்பது, ஒருவர் காசு போட்டு, அவருக்கு வரும் பலன் பெரும்பாலும் புதிதாகச் சேரும் ஆட்களின் எண்ணிக்கையிலோ அவர்கள் போடும் காசிலோ தங்கியிருக்கும் திட்டத்தை. ஸ்டார் சிட்டிசனில் 45 டொலர் கட்டினால், ஒருவரைக்கூடச் சேர்க்காவிட்டாலும் வாங்கிய கப்பலும் ஆல்பாவும் உங்களுக்கு இருக்கும். ஒரே படி, கேமுக்குள் பரிசு. என் வாசிப்பில் அது இந்தப் பிரிவின் பக்கத்திலும் வராது. ஆனால் யாராவது உங்களிடம் வந்து, "இந்தக் கேம் வெளிவரப்போகிறது, இப்போதே காசு போட்டு நாலு பேரைச் சேர்த்தால் மாதம் மாதம் டொலர்" என்றால், கேமின் பெயர் எதுவாக இருந்தாலும் அங்கிருந்து எழும்பி வந்துவிடுங்கள். 2022க்குப் பிறகு கொழும்பில் எத்தனையோ குடும்பங்கள் செயலி, கிரிப்டோ என்ற பெயரில் வந்தவர்களிடம் காசைக் கொடுத்துவிட்டு நிற்கின்றன. கேம் என்ற போர்வை பெடியளைப் பிடிக்க வசதியானது.

போலிகளைப் பற்றியும் ஒரு சொல். எல்லோரும் காத்திருக்கும் ஜிடிஏ 6 என்ற கேமை முதலில் 2025 என்றார்கள், பிறகு 2026 மே 26 என்றார்கள், பிறகு நவம்பர் 19க்குத் தள்ளினார்கள். இப்படித் திகதி தள்ளத் தள்ள, "பத்துப் பேருக்கு அனுப்பினால் பீட்டா (சோதனைப் பதிப்பு) திறக்கும்" என்ற வட்ஸ்அப் லிங்குகளுக்கு நல்ல விளைச்சல். ஒரு கேமின் ரெபரல் அந்தக் கம்பனியின் சொந்தத் தளத்தில், உங்கள் சொந்தக் கணக்குக்குள் இருக்கும். வேறு எங்கிருந்து வந்தாலும் தொடவேண்டாம்.

சட்டத்துக்குள் நிற்கும் நேர்மையான திட்டத்திலும் ஆள் சேர்த்தவர் மாட்டிக்கொள்ளலாம் என்பதற்கு குரோனிக்கிள்ஸ் ஒஃப் எலிரியா என்ற கேமின் கதை போதும். 2016இல் கிக்ஸ்டார்ட்டரில் சுமார் 13 லட்சத்து 60 ஆயிரம் டொலர் சேர்த்தார்கள். நண்பர் குறியீடு ஒன்றைத் தந்து, ஆள் சேர்ப்பவர்களுக்குச் செல்வாக்குப் புள்ளிகள் கொடுத்தார்கள். கேமுக்குள் யார் அரசர், யார் பிரபு என்றுகூடக் காசு கட்டி இடம் பிடித்தார்கள். அந்த அரசருக்குக் குடிமக்கள் வேண்டும் அல்லவா? நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள், இராச்சியங்களுக்குள் பகையும் உறவும் வளர்ந்தன, கேம் மட்டும் வரவில்லை. 2020 மார்ச்சில் பணம் தீர்ந்துவிட்டது என்று சொல்லி ஊழியர்களை அனுப்பினார்கள். பிறகு வழக்கும் வந்தது. புள்ளிகளின் பெறுமதி ஒரே நாளில் பூச்சியம். கூட்டிக்கொண்டு வந்தவர்களுக்கும் வந்தவர்களுக்கும் இடையில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். அவர்களும் ஏமாந்தவர்கள்தான், ஆனால் கேள்வி கேட்பவருக்கு முன்னால் நின்றது அவர்கள்தான்.

ரெபரல் இல்லாவிட்டாலும் வெளிவராத கேமைச் சுற்றிச் சண்டை வரும், அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 2016இல் நோ மான்ஸ் ஸ்கை என்ற கேம் சில வாரங்கள் பிந்தியதற்கே அதன் தலைவர் ஷோன் மறிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. 2020 ஒக்டோபரில் சைபர்பங்க் 2077ஐ மூன்று கிழமை தள்ளியபோதும் அதைச் செய்தவர்களுக்கு அதே கதி. ஆசை கூடி, தகவல் குறைந்த இடத்தில் மனிதர்கள் இப்படித்தான் ஆகிறார்கள். ரெபரல் பரிசு அதன்மேல் காசையும் வைக்கிறது.

இங்கே காசு என்பதன் கனமும் வேறு. 2022 மார்ச் தொடக்கத்தில் 45 டொலர் சுமார் 9,000 ரூபாய். மே மாதத்தில் அதே 45 டொலர் 16,000 ரூபாயைத் தாண்டியது. கேம் ஒரு சதமும் மாறவில்லை. அந்த நாட்களில் கார்டில் டொலர் கட்டுவதே பெரும்பாடாக இருந்ததால், ரொறன்ரோவில் இருக்கும் மாமா, லண்டனில் இருக்கும் அக்கா என்று யாரிடமாவது கேட்டு வாங்கிய பெடியள் எத்தனையோ பேர். இன்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. நம் குழுக்களில் பாதிப்பேர் வெளிநாட்டில் இருப்பதால் இன்னொரு உரசலும் வருகிறது. பவுணில் சம்பளம் எடுக்கும் ஒருவருக்கு 45 டொலர் ஒரு மாலைச் சாப்பாட்டுச் செலவு. அவர் "வாங்கிப் பார், பிடிக்காட்டி விடு" என்று சொல்வது அவருக்கு இயல்பான பேச்சு. பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டு படிக்கும் பெடியனுக்கு அது ஒரு மாதத்து பஸ் காசும் சாப்பாட்டுக் காசும். அப்படி வாங்கியவரின் கணக்கில் 'சேர்த்தவர்' என்று லண்டன்காரரின் பெயர் ஏறும்போது மனதில் கசப்பு வருவது இயல்பு. உங்கள் குழுவில் கோபப்பட்டவர்கள் பெரும்பாலும் இங்கே இருப்பவர்கள், ஆதரித்தவர்கள் பெரும்பாலும் வெளியே இருப்பவர்கள் என்றால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

காசு திரும்பக் கிடைக்கும் என்று நம்பி வாங்கச் சொல்வதும் கூடாது. வாங்கியவுடன் சிறிது காலத்துக்குள் கேட்டால் திருப்பித் தருவார்கள், அதற்குப் பிறகு கதவு மூடிவிடும். 2018இல் அமெரிக்காவில் ஒருவர் தன் 4,500 டொலரைத் திருப்பித் தரும்படி சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போனார். ஒப்பந்தத்தில் மத்தியஸ்தம் (நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ப்பது) என்று எழுதியிருக்கிறது என்று சொல்லி அங்கே அவருக்கு எதிராக முடித்துவிட்டார்கள். அமெரிக்காவில் இருப்பவருக்கே இந்த நிலை.

இனி உங்கள் குழு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். நண்பரை எச்சரிக்காமல் வெளியேற்றியது சரியில்லை. விதி எழுதப்படாத இடத்தில் முதலாவது ஆளைத் தண்டிப்பது நியாயமாகாது. அவரைத் திரும்ப எடுங்கள், விதியை இப்போது எழுதுங்கள். குறியீடுகளைத் தடைசெய்யச் சொல்லமாட்டேன். தடைசெய்தால் அவை தனிச்செய்திக்குப் போய்விடும், அங்கே யார் என்ன சொன்னார் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. ரெட்டிட்டில் இருக்கும் பெரிய ஸ்டார் சிட்டிசன் சமூகம் பொதுப் பதிவுகளில் குறியீடு போட விடுவதில்லை. அதற்குப் பதிலாக, எல்லோருடைய குறியீடுகளையும் சேர்த்து வைத்து எழுந்தமானமாக ஒன்றைக் காட்டும் பக்கங்களை ரசிகர்களே செய்து வைத்திருக்கிறார்கள். யாரும் யாரையும் முந்த வேண்டியதில்லை. உங்கள் குழு சின்னது என்பதால் அதைவிட இலகுவாகச் செய்யலாம். குழுவின் மேலே ஒட்டிவைத்த ஒரே செய்தியில் விருப்பமானவர்களின் குறியீடுகள் இருக்கட்டும், மாதத்துக்கு ஒருமுறை வரிசையை மாற்றுங்கள். கேள்விக்குப் பதில் சொல்லும் இடத்தில் குறியீடு போடக்கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகப் பிடியுங்கள். பதில் சொல்பவர் "எனக்கும் இதில் பலன் உண்டு" என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. அந்த ஒரு வரி வந்தால் பாதிச் சந்தேகம் போய்விடும், அவர் கேமைப் புகழ்ந்தாலும் மற்றவர்கள் காதுகொடுப்பார்கள்.

உங்கள் நண்பரிடமும் ஒன்று சொல்லுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள், வாங்க வசதியில்லாதவர்கள், கணினி தாங்காதவர்கள் என்று அந்தக் குழுவில் பெரும்பான்மை. அங்கே திரும்பத் திரும்பப் போட்டு அவருக்கு ஒரு கப்பலும் வரப்போவதில்லை. போன பெயர்தான் மிச்சம். தன் வீட்டிலேயே நாலு கணக்குத் திறந்து தன்னைத்தானே சேர்க்கும் யோசனை வந்தால் அதையும் விடச் சொல்லுங்கள். வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் என்ற கேம் 2008இல் நண்பரைச் சேர்ப்பவருக்கு ஒரு வரிக்குதிரை வாகனம் தந்தபோது, எத்தனையோ பேர் இரண்டாவது கணக்குக்கும் தாங்களே காசு கட்டி அதை எடுத்தார்கள். இங்கே 45 டொலர் வீதம் கட்டிப் பரிசுக் கப்பல் எடுப்பதைவிட, கேமுக்குள் உழைத்து வாங்குவது மலிவு. ஆல்பாவில் பெரும்பாலான கப்பல்களைக் கேம் காசுக்கே வாங்கலாம்.

நீங்கள் யாருடைய குறியீட்டைப் போடுவது? உங்கள் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொன்ன ஆள் யாரோ அவருடையதை. "உன் கணினிக்கு இது இப்ப வேண்டாம்" என்று சொல்லக்கூடியவராக இருந்தால் இன்னும் விசேஷம். அப்படி ஒருவரும் இல்லையென்றால் எழுந்தமானமாக ஒன்று. வெறுமனே விடவேண்டாம், 50,000 யூஈசி தொடக்கத்தில் ஒரு நல்ல உடுப்புக்கும் துவக்குக்கும் உதவும். ஆனால் குறியீடு போட்டதற்காக வாங்கியே ஆகவேண்டும் என்ற கடமை உங்களுக்கு இல்லை. தந்தவர் நெருக்கினால் அது அவருடைய பிரச்சினை.

வாங்குவதற்கு முன் இலவச நாட்களுக்குக் காத்திருங்கள். வழமையாக மே மாதத்து இன்விக்டஸ் நிகழ்வின்போதும், நவம்பரில் வரும் கப்பல் கண்காட்சியின்போதும் சில நாட்களுக்கு எல்லோருக்கும் திறந்துவிடுவார்கள். கேம் 100 ஜிபிக்கு மேல், உங்கள் இணைய பக்கேஜின் டேட்டா வரம்பை முதலில் பார்த்துவிட்டு, நிகழ்வு தொடங்குவதற்கு முந்திய இரவுகளில் இறக்கத் தொடங்குங்கள். தொடங்கிய அன்று சேர்வர்கள் நெரிசலாக இருக்கும், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மூன்றாம் நான்காம் நாள், வார நாளொன்றின் காலையில் ஓட்டிப் பாருங்கள்.